பேண்டு செட் வருது, வழி விடுங்க

போன வாரம் செமினார் ஹாலில் நடந்த கல்ச்சுரல்ஸ் மீட்டிங்குக்கு நீங்கள் வந்திருந்தால் இந்தக் கட்டுரை எதைப் பற்றி என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் மெயின் கேட்டிலிருந்து ஓப்பன் ஏர் தியேட்டர் வரைக்கும் எல்லா டிபார்ட்மெண்டும் ஊர்வலமாகப் போவோம் இல்லையா, அதுக்கு இந்த வருஷம் என்ன மியூசிக் என்று பேச்சு வந்தது. லாரியில் ஸ்பீக்கர் அடுக்கி டிஜே வைக்கலாம் என்றார்கள். நான் கையைத் தூக்கி, "பேண்டு செட் வைக்கலாமே" என்றேன். இரண்டு செகண்ட் அமைதி. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "யாருக்குடா சாவு?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியே வந்த பிறகுதான் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தால் முக்கால்வாசி என் மேல்தான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

முகூர்த்த நாளில் சாயங்காலம் தி.நகர் ஜி.என். செட்டி ரோடு பக்கம் போயிருக்கிறீர்களா? மண்டப வாசலில் எட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கலர் குஞ்சம், தலையில் தொப்பி, காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்பு. ட்ரம்பெட் இரண்டு, கிளாரினெட் ஒன்று, சில செட்டில் சாக்ஸபோன், யூஃபோனியம், சைடு ட்ரம், வயிற்றில் கட்டிய பெரிய ட்ரம், குலுக்குகிற மரக்காஸ். நம்மில் பலர் அவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டு எந்த ரெஜிமெண்டினுடையது?

எந்த ரெஜிமெண்டும் இல்லை. அப்படி ஒரு பட்டாளம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. வெள்ளைக்கார சிப்பாயின் கோட்டு, பேண்டு மாஸ்டரின் தொப்பி, ஜமீன்தார் வீட்டு ஜரிகை என்று மூணையும் நம்ம டெய்லர் ஒருத்தர் சேர்த்துத் தைத்தது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் சேர்ந்து 1983-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ரொம்பப் பழசு என்று நாம் நினைக்கிற பல மரபுகள் சமீபத்தில் உட்கார்ந்து உண்டாக்கியவை என்பதுதான் அதன் வாதம். ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட பாவாடை கூட அந்த லிஸ்டில் வருகிறது. அதைப் படித்துவிட்டு, "அப்போ பேண்டு செட்டும் போலிதானே" என்று என் ரூம் மேட் கேட்டான். அப்படிப் பார்த்தால் மயிலாப்பூர் சபாவில் வர்ணத்தில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிற கச்சேரி முறையும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் காலத்தில், அதாவது போன நூற்றாண்டில், ஒழுங்குக்கு வந்ததுதான். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. உண்டாக்கியது என்பது குற்றம் இல்லை. யார் உண்டாக்கினார்கள் என்பதைப் பார்த்துத்தான் நாம் ஒன்றை மரபு என்கிறோம், இன்னொன்றைக் காமெடி என்கிறோம். என் வழக்கு அதுதான்.

இந்தக் கதை தொடங்குகிற இடம் மயிலாப்பூரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பேண்டு அங்கே வாசித்துக்கொண்டிருந்தது. திருவாரூரிலிருந்து மணலிக்குக் குடிவந்த ராமசாமி தீட்சிதர் குடும்பத்துக்கு அப்போது ஆதரவு கொடுத்தவர்கள் மணலி முதலியார்கள். கம்பெனிக்காரர்களோடு பழக்கமுள்ள குடும்பம். அவர்கள் மூலமாகத்தான் தீட்சிதரின் பிள்ளைகள் கோட்டை பேண்டைக் கேட்டார்கள் என்பது இசை வரலாற்றில் எல்லோரும் சொல்கிற செய்தி. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். சுமார் 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தில், அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேலில். 'சந்ததம் பாஹிமாம்' என்று ஒன்று, இங்கிலாந்து ராஜாவை ஆண்டவன் காப்பாற்றட்டும் என்கிற அவர்களுடைய தேசிய கீதத்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' ஓர் ஐரிஷ் நடன மெட்டு. 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்று யூடியூபில் போட்டுக் கேளுங்கள், அம்மா பாட்டு டீச்சர் வீட்டில் சொல்லிக்கொடுத்தது மாதிரியே இருக்கும். ராஜாவை வாழ்த்தின மெட்டு அம்பாளிடம் போய்ச் சேர்ந்த குறும்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மெட்டோடு நிற்கவில்லை, வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று அதில் நம்ம சங்கீதத்தை வாசித்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை யோசித்துப் பாருங்கள்.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை ராஜாவாக இருந்தவர், அரண்மனைக்கென்று மேற்கத்திய பேண்டே வைத்திருந்தார். அந்த அரண்மனைச் சூழலில்தான் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டை சதிர் மேளத்துக்குள் கொண்டுவந்தார். அந்தக் கிளாரினெட் நடந்து நடந்து ஏ.கே.சி. நடராஜன் கைக்கு வந்து, 2008-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வரைக்கும் போனது. சாக்ஸபோன் இன்னும் சமீபம். கத்ரி கோபால்நாத் சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கி, வருஷக்கணக்காக மல்லுக்கட்டி அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்தார். 'டூயட்' படத்தில் பிரபு கையில் நீங்கள் பார்த்த சாக்ஸபோனின் சத்தம் அவருடையதுதான்.

ஆக வயலின் உள்ளே வந்தது. கிளாரினெட் வந்தது. சாக்ஸபோன் வந்தது. மெட்டுகளும் வந்தன. பிற்பாடு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்ட இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி அய்யர் பாடிப் பாடி ஊரெல்லாம் பரப்பினார். கச்சேரி முடிகிற நேரத்தில் அது வந்தால் இன்றைக்கும் மாமா மாமிகள் எல்லாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சிரிப்பார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமும் நாதஸ்வரத்தில் ஒரு நோட்டு வாசிப்பார். நமக்கெல்லாம் பெருமையாக இருக்கும். பட்டாள பேண்டின் சாமான் ஒவ்வொன்றாக சபா வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. வெளியே நிற்பது பேண்டு மட்டும்தான்.

இப்போது என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அண்ணன். மந்தைவெளிப் பக்கம் ஒரு செட்டில் முப்பது வருஷமாகக் கிளாரினெட் வாசிக்கிறார். அவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. சரிகமவும் முறையாகத் தெரியாது. ஒரு பாட்டை போனில் நாலு தடவை கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் தொடையில் அசைப்பார், அஞ்சாவது தடவை வாசித்துவிடுவார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், "மாமா, ஒரே பாட்டை எப்படி அவ்ளோ நேரம் வாசிக்கிறீங்க?" அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையின் மையம் என்று நினைக்கிறேன்.

"டேய், பாட்டு நாலு நிமிஷம். ஆனா மாப்ள கார் நாலு நிமிஷத்துல வந்துருமா? முன்னாடி பஸ்ஸு நிக்குது. அத்தைக்காரி ஆரத்தித் தட்ட மறந்துட்டு உள்ள ஓடுறா. பெரியவரு ஒருத்தரு குஷியாயி ஆட ஆரம்பிச்சுடுறாரு. அதுக்கெல்லாம் ஏத்த மாதிரி இழுக்கணும். மாஸ்டர் ஒரு விரலக் காட்டுனா பல்லவியவே சுத்தணும். கைய மடக்குனா சரணம். விசில் அடிச்சா நிப்பாட்டணும். அந்த கேப்புல நான் என்ன வேணா வாசிப்பேன். யாரும் கேக்க மாட்டாங்க."

கடைசி வரியை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. சுதந்திரமாகச் சொன்னார்.

ராணுவ மார்ச் என்பது இதற்கு நேர் எதிர். நம்ம காலேஜ் என்சிசி பசங்களைக் கேட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி. ஆயிரம் கால் ஒரே நேரத்தில் விழ வேண்டும், அதற்காகத்தான் அந்த இசையே. மெட்டு, வேகம், எத்தனை தடவை திரும்ப வர வேண்டும் என்பது எல்லாம் காகிதத்தில் எழுதியிருக்கும். ஒருத்தன் மனசுக்குத் தோன்றியதை வாசித்தால் அணிவகுப்பு குலைந்துவிடும். அந்த இசை கோட்டையை விட்டு வெளியே வந்து உஸ்மான் ரோட்டு ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டதும் என்ன ஆனது? இங்கே யாரும் அடி ஒத்து நடப்பதில்லை. பத்தடி நடப்போம், அஞ்சு நிமிஷம் நிற்போம். காகிதம் உதவாது. அதனால் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மனோதர்மத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இதுவும் எங்கிருந்தோ குதித்தது இல்லை. பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் அதிகார நந்தி அன்றைக்கோ அறுபத்துமூவர் அன்றைக்கோ சுவாமிக்கு முன்னால் போகிற நாதஸ்வரத்தைக் கவனியுங்கள். சுவாமி புறப்படும்போது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரி எதுவும் கிடையாது, தவிலும் நாதஸ்வரமும் மட்டும். ஒரே சொற்கட்டை மெதுவாக, இரட்டிப்பாக, அதற்கும் மேலே என்று காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று. எந்த வீதியில் என்ன வாசிப்பது என்று கோயிலுக்குக் கோயில் முறை உண்டு. ஆனால் எத்தனை நேரம் என்பது நாயனக்காரர் கையில் இல்லை. தூக்குகிறவர்கள் தோள் மாற்ற வேண்டும், மூலையில் திருப்ப வேண்டும், தெற்கு மாட வீதியில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு கூட்டம் காத்திருக்கும். இசைதான் சுவாமிக்காகக் காத்திருந்து நீளும், சுருங்கும். நடக்கிற இசையை இழுத்துப் பிடிக்கிற வித்தை இந்தத் தெருவில் ஏற்கெனவே இருந்தது. பேண்டு செட் செய்தது அந்த வித்தையைப் பட்டாளத்தின் வாத்தியங்களில் ஏற்றியதுதான். தீட்சிதர் கோட்டையின் மெட்டை எடுத்துக்கொண்டார். மாமாவின் முன்னோடிகள் கோட்டையின் கட்டுப்பாட்டையே அவிழ்த்துவிட்டார்கள். எது பெரிய காரியம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டாவது சின்னக் காரியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே நியூ ஆர்லியன்ஸ் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் பித்தளை வாத்தியங்களைக் கையில் எடுத்து, தெருவில் நடந்துகொண்டே வாசித்தார்கள். சாவு ஊர்வலம் இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான சோகப் பாட்டு, திரும்பி வரும்போது ஆட்டம் போடுகிற பாட்டு. பின்னால் ஆடிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். லூயி ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனாக கார்னெட் கற்றது ஒரு சிறார் இல்லத்து பேண்டில். அந்தத் தெரு இசை ஜாஸின் வேர்களில் ஒன்று. ஆப்பிரிக்காவின் கானாவிலும் இதே மாதிரி கடற்கரைக் கோட்டைகளில் மேற்கிந்தியத் தீவுப் பட்டாளத்தார் வாசித்த பேண்டைக் கேட்ட உள்ளூர்க்காரர்கள் 'அடாஹா' என்று தங்களுக்கென்று ஒரு நடை உண்டாக்கினார்கள். அது பிறகு ஹைலைஃப் என்கிற பெரிய இசையில் போய்க் கலந்தது.

கோட்டை, பட்டாளம், பித்தளை, ஒடுக்கப்பட்ட மக்கள், சாவு ஊர்வலம். நம்ம கதையும் அச்சு அசல் இதேதான். அவர்களுடைய சாவு பேண்டைக் கேட்க உலகம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறது. நம்முடையதை வைத்து நாம் "யாருக்குடா சாவு" என்கிறோம்.

அந்த ஜோக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சாவுக்கு வாசிக்கிறவன் என்ற சொல்லுக்குள் ஒரு சாதி ஒளிந்திருக்கிறது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பறை அடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய அதே கணக்கு, ட்ரம்பெட் வந்த பிறகும் மாறவில்லை. கல்யாணத்துக்கு வாசித்தாலும் மண்டபத்துக்குள்ளே அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஊர்வலம் வாசலில் முடியும், அவர்கள் வேலையும் வாசலில் முடியும். சிரித்தவர்கள் எல்லாம் சாதி பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்லவில்லை. நானும் சிரித்தேனே. யோசிக்காமல் சிரிக்கிற அளவுக்கு அது நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றேனே, அது. செகண்ட் இயரில் ஒரு நண்பனின் அக்கா கல்யாணம், தி.நகரில். ஹாஸ்டல் கும்பல் மொத்தமும் போனோம். வாசலில் பேண்டு. கிளாரினெட்டோடு நிற்கிறார் என் மாமா. கோட்டு இரண்டு சைஸ் பெரிசு. வாயில் வாத்தியம் இருப்பதால் கூப்பிட முடியாது, புருவத்தை மட்டும் தூக்கினார். பக்கத்தில் எங்கள் கும்பல், எல்லோரும் பேண்டுக்கு முன்னால் கேலியாக ஆடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாசம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "அந்த மண்டபத்துல சாம்பார் நல்லா இருந்துச்சுல்ல?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் "ஆமா மாமா" என்றேன்.

சரி, உங்கள் எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். நியாயமான கேள்விகள் இருக்கின்றன.

"சுருதியே சேராதுடா" என்பது முதல் கேள்வி. உண்மை, பல சமயம் சேராது. காரணத்தை நாமாவது புரிந்துகொள்ளலாம், இன்ஜினியரிங்தானே படிக்கிறோம். குழல் வாத்தியத்தின் சுருதி உள்ளே இருக்கும் காற்றில் ஒலி போகிற வேகத்தைப் பொறுத்தது. 25 டிகிரியில் நொடிக்கு சுமார் 346 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. உள்ளே காற்று பத்து டிகிரி சூடானால் சுருதி ஓர் அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். வாசிக்கிறவர் நிறுத்தி நிறுத்தி ஊதுகிறார், ஒரு வாத்தியம் வெயிலில் நிற்கிறது, இன்னொன்று இப்போதுதான் பெட்டியிலிருந்து வந்தது. ஏசி ஹாலில் அரை மணி நேரம் சுருதி சேர்க்கிற வசதி அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? வாத்தியமும் பழசு. நம்ம நாட்டுப் பித்தளை வாத்தியங்களில் பெரும்பங்கு மீரட்டில் ஜாலி கோத்தி என்கிற பகுதியில் செய்கிறார்கள். அந்தத் தொழிலைத் தொடங்கியவரும் ராணுவ பேண்டிலிருந்து வந்தவர்தான், நாதிர் அலி, 1885-ல். மாமா செட்டில் இருக்கிற ட்ரம்பெட் ஒன்று அங்கே செய்தது. வால்வ் ஒன்று மேலே வர மறுக்கும். ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் கவனிக்கவும்.

"சத்தம் ஜாஸ்தி" என்பது இரண்டாவது. டிஜே லாரியை ஆதரிக்கிறவர்கள் இதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். பேண்டு செட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம், டீசல் வேண்டாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும், அதையும் மீறி மெயின் கேட்டிலிருந்து லைப்ரரி வரை கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த வாத்தியங்களுக்கு அவ்வளவு அகன்ற வாய். தவிர, ஸ்பீக்கர் உங்களைப் பார்த்து வேகத்தை மாற்றாது. நீங்கள் ஆடினாலும் நின்றாலும் அதன் பாட்டுக்குப் போகும்.

மூன்றாவது யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். பேண்டு செட்டை நல்லது என்று சொல்லிச் சொல்லி, அதையும் காட்சிப் பொருளாக்கி, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவோமா? பயம் இருக்கிறது. கிரிகோரி பூத் என்கிற ஆய்வாளர் இந்திய கல்யாண பேண்டுகளைப் பற்றி 'பிராஸ் பாஜா' என்று முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2005-ல் வந்தது. புத்தகம் வந்தால் நல்லதுதான். ஆனால் மாமாவுக்குப் புத்தகம் வேண்டாம், அடுத்த ஆர்டர் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. டிசம்பர் பாதியில் தொடங்கி பொங்கல் வரை மாமாவுக்குக் கல்யாண வேலை சுத்தமாக இல்லை. சரியாக அதே ஒரு மாசம்தான் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மூலைக்கு மூலை கச்சேரி. ஊர் முழுக்க சங்கீதம், கேன்டீனில் க்யூ, வாத்தியக்காரர் ஒருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து கிளாரினெட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். அடையாறு பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தி, சபா சங்கீதத்தையும் பறையாட்டத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். டி.எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. அதைப் பற்றி ஆயிரம் சண்டை நடந்தது, நடக்கட்டும். அந்த மாதிரி மேடையில் பேண்டு செட்டுக்கும் இடம் வேண்டும் என்பேன். சாஸ்திரீயமும் இல்லை, நாட்டுப்புறமும் இல்லை, சினிமாவும் இல்லை என்று மூணு பக்கமும் கைவிடுகிற ஜாதி இந்த இசை. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் சின்னப் பிள்ளைகள் பாடுகிற கச்சேரி நடக்குமே, அங்கே ஒரு மார்கழி சாயங்காலம் பேண்டு செட் இங்கிலீஷ் நோட்டு வாசித்தால் எப்படி இருக்கும்? மைக் நிச்சயமாகத் தேவைப்படாது.

பூங்கா நம் கையில் இல்லை. மெயின் கேட் இருக்கிறது. அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். டிஜேயை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் ஆட வேண்டும். காலை ஊர்வலத்துக்கு எட்டுப் பேர் கொண்ட பேண்டு செட். மீட்டிங்கில் படித்த டிஜே கொட்டேஷனில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. போஸ்டரில் டிஜே பெயரைப் பெரிய எழுத்தில் போடுவோம் இல்லையா, அதே போஸ்டரில் அந்த எட்டுப் பேர் பெயரும் வர வேண்டும், 'பேண்டு செட்' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கக் கூடாது. ஊர்வலம் ஓப்பன் ஏர் தியேட்டர் வாசலில் முடிந்ததும் அவர்கள் வாசலோடு திரும்பிப் போகக் கூடாது. மேடைக்கு ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அவர்களுக்கு இஷ்டப்பட்டதை வாசிக்க வேண்டும். சாப்பாடு நம்மோடு, முதல் பந்தியில்.

அடுத்த மீட்டிங் புதன்கிழமை, நாலரை மணி, அதே செமினார் ஹால். ஓட்டெடுப்பு இருக்கிறது. சிரித்தவர்களும் வாருங்கள், சிரிக்காதவர்கள் கட்டாயம் வாருங்கள்.

நேற்று மாமாவுக்கு போன் பண்ணி இப்படி ஒரு ஐடியா இருக்கு என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மாசியில முகூர்த்தம் நெறைய வருது, தேதிய சீக்கிரம் சொல்லு" என்றார். வைக்கப் போனவர் திரும்பவும் கேட்டார்: "உன் ஃப்ரெண்ட்ஸுங்க எல்லாம் இருப்பாங்கல்ல? கோட்டு போட்டுக்கினு வரவா, சட்டையிலயே வரவா?"

புதன்கிழமை சொல்றேன் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.